கழுத்தறுப்பு

“கத்தியா அது, கரண்டியா? சுரண்டுறியே ஒழிய ஒரு முடி வரலையே!”

கத்தியது தெருமுனை டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். சலூனில் இருந்தது இரண்டே நாற்காலி. ஒன்றில் முதலாளி யாருக்கோ முடி வெட்டிக்கொண்டிருந்தார். இன்னொன்றில் முதலாளியின் மச்சான் இந்த மாஸ்டரிடம் மாட்டிக்கொண்டு முழித்தான். நான் பெஞ்சில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கழுத்தும் அப்படிப்பட்ட கழுத்துதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு முடி மேலே பார்த்தால் பக்கத்து முடி படுத்துக் கிடக்கிறது. தொண்டைக்குக் கீழே சுழி வேறு. கத்தியை எந்தப் பக்கம் கொண்டு போனாலும் அது எதிர்ப்பக்கமாகவே அமைந்தது. அதற்காக இப்படியா ஒரு மனுஷனை நாலு பேர் முன்னால் வறுத்தெடுப்பது?

“தோலை இழுத்துப் பிடிடா!”

“பிடிச்சிருக்கேன் சார்.”

“பிடிச்ச லட்சணமா இது? இப்படி ஸ்டியரிங் பிடிச்சா வண்டி வாய்க்கால்லதான் நிக்கும்.”

மச்சானின் கை வெடவெடவென்று உதறியது. கத்தியில் இருந்த நுரை மாஸ்டரின் மடியில் விழுந்தது. அதற்கும் ஒரு பாட்டு விழுந்தது.

முதலாளி என் பக்கம் குனிந்து முணுமுணுத்தார். “பொண்டாட்டி தம்பியாச்சேன்னு பார்த்தேன் சார். கத்தியை எடுத்தாலே இவனுக்குக் கை உதறுது. இன்னைக்கு இந்த ஒரு ஷேவிங்கை ஒழுங்கா முடிக்கலைன்னா வேற ஆளைப் போட்டுட வேண்டியதுதான். வீட்டுல எனக்குச் சோறு கிடைக்கலைன்னாலும் பரவாயில்ல.”

அடப்பாவி மாஸ்டரே, உன் வாயால் ஒருத்தன் பிழைப்பில் மண் விழப்போகிறதே!

முதலாளி சத்தமாகச் சொன்னார். “சார், நீங்க இப்படி வாங்க. மீதியை நானே முடிச்சுடுறேன்.”

“நான் உன்னைக் கூப்பிட்டேனா? உன் வேலையைப் பாரு. இவன்தான் முடிக்கணும்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “சார், போதும் விட்டுடுங்க. பாவம், அவரும் மனுஷன்தானே?”

கண்ணாடி வழியாக என்னை முறைத்தார். “உங்க கழுத்தா, என் கழுத்தா?”

வாயை மூடிக்கொண்டேன்.

மாஸ்டர் மூடவில்லை. “அந்தச் சுழியை எடு. பக்கவாட்டுல போகாதே, கீழேயிருந்து மேலே! ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதா? உனக்கெல்லாம் எவன்டா கத்தியைக் கொடுத்தது? வீட்டுல உட்கார்ந்து வெங்காயம் உரிக்கப் போயேன்!”

“வாயை மூடுங்க சார்!”

கத்தியது மச்சான். முகம் சிவந்திருந்தது. “நீங்க பேசப் பேசத் தொண்டை ஏறி இறங்குது. நான் வேலை பார்க்கிறதா வேண்டாமா? ஆடாம அசையாம உட்காருங்க!”

முதலாளியின் கத்தரிக்கோல் நின்றது. போச்சு, இன்றோடு இவன் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் மாஸ்டர் கப்சிப். தலையைப் பின்னால் சாய்த்துக் கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். மச்சான் ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, மறு கையால் சுழியைச் சுற்றிச் சர்சர்ரென்று வழித்தான். கை ஆடவே இல்லை.

முடிந்ததும் மாஸ்டர் எழுந்து கழுத்தை மேலும் கீழும் தடவிப் பார்த்தார். “ம்ம்... சுமார்தான். பிழைச்சுப் போ.” பிறகு முதலாளியிடம் திரும்பினார். “அடுத்த தடவையும் இவன்தான் பண்ணணும். இவனை அனுப்பிட்டு வேற யாரையாவது நிறுத்தினே, உன் கடைப் பக்கமே தலைவைச்சுப் படுக்க மாட்டேன்.”

அவர் வாசல் தாண்டியதும் எனக்கு மூச்சு வந்தது. “அப்பாடா! சரியான கழுத்தறுப்பு! எப்படித் தம்பி பொறுத்துக்கிறீங்க?”

கத்தியைக் கழுவிக்கொண்டிருந்த மச்சான் சட்டென்று நிமிர்ந்தான். “அவரை அப்படிச் சொல்லாதீங்க சார். கழுத்தை அறுத்தது நான்.”

“என்னது?”

“போன மாசம் சார். இதே நாற்காலி, இதே சுழி. கத்தி இறங்கிடுச்சு, தையல் போடுற அளவுக்கு. அன்னையிலிருந்து கத்தியை எடுத்தாலே எனக்கு உதறல். விஷயம் தெரிஞ்ச ஒருத்தரும் என்கிட்ட ஷேவிங்குக்கு உட்காரலை. தையல் பிரிச்சதும் நேரா வந்து உட்கார்ந்தவர் இவர் ஒருத்தர்தான்.”

“அப்புறம் எதுக்கு அந்தத் திட்டு?”

“பயம் இருந்தா என் கை ஆடும் சார். கோவம் வந்துட்டா ஆடாது. அதைக் கண்டுபிடிச்சிட்டார் மனுஷன். நான் திருப்பிக் கத்துற வரைக்கும் விடமாட்டார்.”

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

“எப்பேர்ப்பட்ட மனசு தம்பி! கையெடுத்துக் கும்பிடணும். ஊருக்கு இப்படி நாலு பேர் இருந்தா எத்தனை பேர் பிழைச்சுப்பாங்க!” மனசாரத்தான் சொன்னேன்.

மச்சானின் முகம் மலர்ந்தது. நாற்காலியைத் துண்டால் பளிச்சென்று துடைத்து என் பக்கம் திருப்பினான். “வாங்க சார், உட்காருங்க. ஷேவிங்தானே?”

“இல்ல தம்பி... இருக்கட்டும். முதலாளி முடிச்சுட்டு வரட்டும், நான் வெயிட் பண்றேன்.”