அனுப்பியவர்: நலம்விரும்பி

"ஒத்துக்கிட்டா ராஜினாமாவோட விட்டுடறேன். இல்லேன்னா இனிமே எந்தக் கம்பெனியிலயும் உனக்கு வேலை கிடைக்காம பண்ணிடுவேன்" என்று டீம் லீடர் கத்தியது, மேனேஜர் அறையின் கண்ணாடிக் கதவைத் தாண்டி காபி மெஷின் வரைக்கும் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் காபியை மறந்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

எதிரே நின்ற, சாஃப்ட்வேரைச் சோதிக்கும் டெஸ்டர் பெண் தலையைக் குனியவில்லை. ஆத்திரத்தில் அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "நான் அனுப்பல சார். எத்தனை தடவை கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்."

விஷயம் ஒரு மொட்டை மெயில். நேற்று மேனேஜருக்கு வந்திருந்தது. அனுப்பியவர் என்ற இடத்தில் 'நலம்விரும்பி' என்று இருந்தது. உள்ளே ஒரே வரி: 'உங்கள் டீம் லீடர் பெயரில் இருக்கும் ஹெட்டர் ஃபங்ஷன்களை எழுதியது அவர் இல்லை.'

டீம் லீடருக்கு ஆபீஸில் ஏற்கெனவே எரிமலை என்றுதான் பெயர். இந்த ஒரு வரி போதாதா? ஒவ்வொரு மெயிலோடும் நம் கண்ணில் படாத ஹெட்டர் வரிகள் சில ஒட்டிக்கொண்டு வரும்; யாரிடமிருந்து, யாருக்கு, எந்த வழியாக என்ற பூர்வோத்தரம் முழுக்க அதில் இருக்கும். அதைப் பிரித்துப் படிக்க உதவும் ஃபங்ஷன்கள் என்ற குட்டிப் புரோகிராம்கள்தான் கம்பெனி விற்கும் லைப்ரரி என்ற சாஃப்ட்வேர் தொகுப்பின் உயிர்நாடி. அத்தனைக்கும் மேலே, எழுதியவர் என்று அவர் பெயர்தான் இருக்கிறது.

டெஸ்டர் மேல் சந்தேகம் வரக் காரணம் இருந்தது. "ஹெட்டர் வரி நீளமா இருந்தா, ஏன் சார் சரியா இந்த இடத்துல மடிச்சு அடுத்த வரிக்குக் கொண்டு போறோம்?" என்று போன வாரம் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் கேட்டவள் அவள்தான். "நாளைக்குச் சொல்றேன்" என்று சீறியவர், மறுநாள் வந்து புட்டுப் புட்டு வைத்தார். கொதிக்கிற மண்டை ஆற ஒரு நாள் வேண்டியிருக்கிறது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

"இவ வாயால சொல்ல வேண்டாம் மேடம். மெயிலே சொல்லும்" என்று எரிமலை லேப்டாப்பை மேனேஜர் பக்கம் திருப்பினார். "கையும் களவுமாப் பிடிக்கிறேன் பாருங்க" என்று நேற்று மாலை கறுவிக்கொண்டு வீட்டுக்குப் போனவர், காலையில் புத்தம்புது ஃபங்ஷன் ஒன்றோடு வந்திருந்தார்.

அனுப்பியவர் வரியில் யாரும் எந்தப் பெயரையும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் மெயில் கடந்து வரும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஹெட்டரில் தன் முத்திரையைக் குத்தி அனுப்பும். அந்த முத்திரைகளைக் கீழிருந்து மேலாகப் படித்து, மெயில் கிளம்பிய இடத்தைச் சொல்வதுதான் புது ஃபங்ஷனின் வேலை. வீட்டிலிருந்தும் வேலை பார்ப்பதற்காக எல்லாருடைய வீட்டு இணைய இணைப்பும் ஆபீஸில் பதிவாகியிருந்ததால், யார் வீடு என்பதையும் அதுவே காட்டிவிடும்.

"இவ வீடுன்னு வந்தா இன்னிக்கே இவளை வெளிய அனுப்பணும் மேடம்."

"என் வீடுன்னு வரலேன்னா?" என்றாள் டெஸ்டர்.

"வரலேன்னா நான் வேலையை விட்டுட்டுப் போறேன். போதுமா?" சொல்லிவிட்டு, கீபோர்டு நொறுங்குகிற மாதிரி ஒரு தட்டு தட்டினார்.

திரையில் ஒரு வரி வந்தது: 'எரிமலை வீடு.'

இணைப்புகளைப் பதிவு செய்த நெட்வொர்க்காரர், பட்டப்பெயரிலேயே பதிந்து வைத்திருக்கிறார். வேறு சமயமாக இருந்தால் மேனேஜர் சிரித்திருப்பார். இப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவை ஓட்டுங்க" என்றார். மறுபடியும் அதே வரி.

"ஃபங்ஷன்ல ஏதோ தப்பு."

"நீங்க எழுதினதுதானே? எங்க தப்புன்னு காட்டுங்க" என்றார் மேனேஜர்.

எரிமலை ஃபங்ஷனைத் திறந்து வரிகளை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். புது ஊரில் விலாசம் தெரியாமல் சுற்றுகிறவர் மாதிரி நாலைந்து தடவை அதே இடத்துக்கு வந்து நின்றார். ஏசி ஓடிக்கொண்டிருந்தும் அவருடைய சட்டைக் காலர் நனைந்துவிட்டது.

"யாரோ என் வீட்டு வைஃபையைத் திருடியிருக்காங்க மேடம். இப்பவே கேட்டுடறேன்." மனைவிக்குப் போன் போட்டு, வழக்கம்போல ஸ்பீக்கரைத் தட்டி மேஜையில் வைத்தார். கத்துவதற்கு அவருக்கு இரண்டு கையும் வேண்டும்.

"பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு வைஃபை பாஸ்வேர்டு கொடுத்துத் தொலைச்சியா?"

"யாருக்கும் கொடுக்கல. ஏன்?"

"அப்ப இந்தச் சனியன் பிடிச்ச ஃபங்ஷன்தான் தப்பு. அந்த மொட்டை மெயில் நம்ம வீட்டிலேர்ந்து வந்ததாக் காட்டுது."

மறுமுனையில் மனைவியின் குரல் வந்தது. அதில் பதற்றம் துளிக்கூட இல்லை. பல வருஷமாக அடக்கி வைத்த கோபம் நிதானமாக வெளியே வந்தது.

"ஏங்க, நான் எழுதிக் கொடுத்த ஃபங்ஷன் இதுவரைக்கும் எதையாவது தப்பாக் காட்டியிருக்கா?"