சிப்புக்கு முந்திய ஊசி

நாயின் சான்றிதழ்களில் தேதிகளைப் பார்த்த ஷைனி, கணவன் எதிரே சோர்ந்து உட்கார்ந்தாள். “முதல்ல கழுத்துல அடையாள சிப், அப்புறம்தான் வெறிநாய்க்கடி ஊசின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே இச்சாயா. சிப்புக்கு முன்னாடி போட்ட ஊசி அங்கே செல்லாது, இனி எல்லாம் முதல்லேருந்து. நாலு மாசம் போச்சு.”

அயர்லாந்தில் நர்ஸ் வேலை அவளுக்குக் காத்திருந்தது. கணவன் ஜோமோனுக்கு விசா கிடைக்க ஒரு வருடமாகும். நாய் குட்டப்பன் இல்லாமல் அவள் விமானம் ஏற மாட்டாள்.

“டாக்டர் மறந்துட்டார்” என்றான் ஜோமோன்.

“பசுவுக்குப் பிரசவம் பார்க்கத்தான் அந்த ஆளு லாயக்கு.” டாக்டரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்னைத் திட்டாதே மோளே. சிப்பைக் கையில எடுத்துட்டேன். அடுத்த வாரம் போட்டாப் போதும்னது உன் புருஷன்தான்.”

ஷைனி போனை வைத்தாள். “ஏன் இச்சாயா?”

“போகாதேன்னு சொன்னா நின்னிருப்பியா?”