சொன்னதை எழுதியவள்

மாதிரித் தேர்வு விடைத்தாளில் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. படிக்கப் படிக்கத்தான் தமிழ்ப் பேராசிரியர் ராஜ்மோகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

‘மருத நிலத்து மக்கள் செய்வது உளவு’ என்று இருந்தது. தழை உடுத்த வேண்டிய குறிஞ்சிப் பெண்கள் ‘தளை’ உடுத்தியிருந்தார்கள். இப்படிப் பன்னிரண்டு இடங்களில், ழகரம் வரவேண்டிய இடத்தில் ளகரம் சட்டமாக உட்கார்ந்திருந்தது. இடத்துக்கு ஒரு மதிப்பெண் வீதம் அவர் வெட்டியதில், வகுப்பிலேயே கெட்டிக்காரியான சிவப்ரியா மூன்று மதிப்பெண்ணில் தவறிவிட்டாள்.

சிவப்ரியாவுக்குப் பார்வை கிடையாது. அவள் சொல்லச் சொல்ல எழுதியவள் முதலாண்டு வணிகவியல் மாணவி இளவேனில். எழுத வருகிறவருக்குப் பாடம் தெரிந்திருக்கக் கூடாது என்பது கல்லூரி விதி. இருவரும் இப்போது அவர் மேஜைக்கு முன்னால் நின்றார்கள்.

“ஏம்மா, ஒங்க ஊரு குரும்பகரத்துல ஏர் ஓட்டுறவன்லாம் ஒற்றனா?” என்று இளவேனில் மேல் பாய்ந்தார் ராஜ்மோகன். “ஒரு எளுத்து ஒளுங்கா எளுதத் தெரியாத ஒன்ன யாரு பரீட்ச ஹாலுக்குள்ள விட்டது?”

“அக்கா சொன்னத அப்படியே எழுதினேன் சார். சொன்னதுல ஒரு எழுத்தக்கூட மாத்தக்கூடாதுன்னு நீங்கதான கையெழுத்து வாங்குனீங்க?”

“வாய மூடு! முதல்வர்கிட்ட சொல்லி இன்னைக்கே ஒன்ன மாத்துறேன் பாரு.”

“வேணாம் சார்!” சிவப்ரியா பதறிப்போனாள். “திங்கக்கெளம செமஸ்டரு. இவளப் புடிக்கவே ரெண்டு மாசம் அலைஞ்சேன். இப்ப ஆள் இல்லன்னா எனக்கு ஒரு வருஷம் போயிடும் சார்.”

அவள் கண் கலங்கியதைப் பார்த்து ராஜ்மோகனுக்கும் மனசு கேட்கவில்லை. இந்தப் பெண்ணுக்காக அவர் செய்தது கொஞ்சநஞ்சமல்ல. பிரெய்ல் புத்தகம் வேண்டும் என்று மனுவோடு வந்தவளிடம், “என் குரல் இருக்கும்போது புத்தகம் எதுக்கும்மா?” என்று எல்லா வகுப்பையும் போனில் பதிவு செய்துகொள்ளச் சொன்னவரே அவர்தான். அந்தப் பெருந்தன்மைக்காகக் கல்லூரி விழாவில் சால்வை போர்த்தினார்கள். அந்தப் படம்தான் இன்றைக்கும் அவர் வாட்ஸ்அப் முகப்பில் இருக்கிறது.

குரலைத் தணித்துக்கொண்டார். “என் பாடத்த வரிக்கு வரி கேட்ட புள்ள நீ. ஒன் வாயில இந்தத் தப்பு வருமா? பயப்படாம சொல்லு. இவதானே மாத்தி எளுதுனா?”

இளவேனில் அழுதுவிடுவாள் போல நின்றாள். சிவப்ரியா பக்கத்தில் துழாவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இவ மாத்தல சார். நான் கேட்டதத்தான் சொன்னேன், சொன்னதத்தான் இவ எளுதுனா.”

சொல்லிவிட்டுப் பையிலிருந்து போனை எடுத்தாள். திரையைத் தடவித் தடவி, மருதத் திணை வகுப்பை ஓடவிட்டாள். சாட்சாத் ராஜ்மோகனின் கணீர்க் குரல் அறை முழுக்க ஒலித்தது.

“நல்லா கவனிச்சு எளுதிக்குங்க... மருத நிலத்து மக்கள் செய்வது உளவு!”