வெள்ளிக்கிழமை வெளிச்சம்

"இன்னிக்கு நூறு பர்சென்ட் பாய். இதுக்கு மேல ஏத்த ஒண்ணுமில்ல."

தௌசீஃப் மீன் தொட்டியின் முன்னால் செல்போனைப் பிடித்துக்கொண்டு, ராக்கெட் விடுகிற ஆள் மாதிரி முகத்தை வைத்திருந்தான். தொட்டிமேல் தொங்கிய விளக்கு பளீரென்று எரிந்தது. சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்ற ஜஸீமாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

பின்னே? அந்த விளக்கின் வெளிச்சத்தை யாரும் ஏற்ற வேண்டியதே இல்லை. முதல் நாள் செல்போனில் ஒரு பட்டனை அமுக்கிவிட்டால் போதும், வாரத்துக்குப் பத்து என்று அதுவாகவே ஏறிக்கொள்ளும். அவளுடைய அத்தா உபைதுல்லாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? ஒன்பது வெள்ளிக்கிழமையாக, ஜும்மா முடிந்த கையோடு தௌசீஃபை ராயபுரம் வீட்டுக்கு வரவழைத்துக்கொண்டிருக்கிறார்.

உபைதுல்லா துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். மேலேயிருந்து கீழே இருப்பவனிடம் கத்திக் கத்தி, மெதுவாகப் பேசுவது எப்படியென்றே மறந்துபோனவர். போன வருஷம் ஜஸீமாவைப் பெண் பார்க்க வந்த பையனிடம் மூன்றே மூன்று கேள்விதான் கேட்டார். அவன் சமோசா வருவதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டு போனான், அப்புறம் போனையே எடுக்கவில்லை. தெருவே அதைச் சொல்லிச் சிரித்தது. அத்தா மட்டும் அன்றைக்குச் சோற்றில் கைவைக்கவில்லை.

இப்படிப்பட்ட மனுஷர் முன்னால், மீஞ்சூர் ரயிலில் ஒன்றரை வருஷமாகப் பழகிய தௌசீஃபை எப்படிக் கொண்டுபோய் நிறுத்துவது? ஜஸீமா தவித்துப்போனாள். கடைசியில் பவளம்தான் வழிவிட்டது.

ரிட்டையர் ஆனதும் அத்தா உப்புத்தண்ணீர் தொட்டி ஒன்று வைத்தார். அதில் காளான் மாதிரி விரியும் உயிருள்ள பச்சைப் பவளம். புது விளக்கு வாங்கி, முதல் நாளே முழு வெளிச்சத்தையும் போட்டுவிட்டார். நாலே நாளில் பவளம் வெள்ளைவெளேரென்று வெளுத்துச் செத்துப்போயிற்று. வேறு வாங்கலாம் என்று சொல்லி, தௌசீஃப் வேலை பார்க்கும் திருவொற்றியூர் மீன் கடைக்கே அத்தாவைக் கூட்டிப்போனாள்.

"இங்க மங்கலான வெளிச்சத்துல கீது பாய். ஒரேடியா காட்டினா வெளுத்துடும். இருபதுல ஆரம்பிச்சு, வாரம் பத்து ஏத்தணும்," என்றான் தௌசீஃப்.

உபைதுல்லா அவனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பவளத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் கொஞ்சமா காட்டினா எம்மாம் வெளிச்சம்னாலும் தாங்குமா?"

"தாங்கும் பாய்."

"நெசமாத்தான் சொல்றியா?" என்று இன்னொரு தரம் கேட்டுக்கொண்டார். புதுப் பவளத்தை வாங்கிக்கொண்டு, வாரா வாரம் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து அவனே வெளிச்சத்தை ஏற்றித் தர வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

மறுநாள் ரயிலில் தௌசீஃப் திட்டம் போட்டான். "லைட்டு அது பாட்டுக்கு ஏறட்டும். வாரம் பத்து பத்தா உங்க அத்தாவை நான் பழக்கிடறேன் பாரு."

திட்டம் பலிக்கத்தான் செய்தது. முதல் வெள்ளிக்கிழமை அத்தா அறையைவிட்டே வெளியே வரவில்லை, இருமல் மட்டும் கேட்டது. இரண்டாம் வாரம் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நாலாம் வாரம் பேரும், புளியந்தோப்பில் அவன் வீடு எந்தத் தெரு என்றும் கேட்டார். ஆறாம் வாரம், ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டதற்கு ஒரு சின்ன அதட்டல். எட்டாம் வாரம் பக்கெட் சாய்ந்து கூடமெல்லாம் உப்புத்தண்ணீர் ஓடியபோது, "வூட்டையே எண்ணூர் கடலா ஆக்கிட்டியேடா" என்று ஐந்து நிமிஷம் கத்தினார். தௌசீஃப் சிரித்துக்கொண்டே துடைத்தான்.

இன்று அவன் முன்னால் பிரியாணித் தட்டே வந்துவிட்டது. ஆனால் இன்று பெண் கேட்காவிட்டால் போச்சு, அடுத்த வெள்ளி இந்த வீட்டுக்கு வர அவனுக்கு ஒரு காரணமும் கிடையாது. ஜஸீமா திரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவன் தொண்டையைச் செருமுவதற்குள் உபைதுல்லா எழுந்தார்.

"டேய், வாரா வாரம் இன்னாத்துக்குடா என் வூட்டுக்கு வந்துகினு கீற?"

கிரேன் உச்சியிலிருந்து வந்த அதே குரல். வாசலில் போன ஷேர் ஆட்டோக்காரர் யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று வண்டியை நிறுத்தினார். அம்மா ஜெரினா அடுப்பையே அணைத்துவிட்டாள்.

தௌசீஃப் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "உங்க பொண்ணைக் கட்டிக்கணும் பாய். அதுக்குத்தான் வந்துகினு கீறேன்."

உபைதுல்லா அவனை ஏற இறங்கப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து அவன்முன் வைத்தார். விளக்கு டப்பாவில் வந்த காகிதம்.

"லைட்டு தானா ஏறும்னு இதுல படமே போட்டுக் கீது. பழைய பவளம் செத்த அன்னிக்கே பாத்துட்டேன்."

ஜஸீமா திரையை விலக்கிக்கொண்டு வந்தேவிட்டாள். "தெரிஞ்சுக்கினேவா அத்தா ஒம்போது வாரம் இவரை வரவெச்சீங்க?"

"கடையிலயே உங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் பாத்துட்டேனே." உபைதுல்லாவின் குரல், அவள் இதுவரை கேட்டேயிராத அளவுக்கு இறங்கியது. "போன வருசம் வந்தவன்கிட்ட மொத நாளே என்னை முழுசா காட்டிட்டேம்மா. வெளுத்துப்போய் ஓடிட்டான்."

தௌசீஃபின் தட்டில் இன்னொரு கறித்துண்டை எடுத்து வைத்தார்.

"அதான் இந்த தபா இருபதுல ஆரம்பிச்சேன்."