மீசை போன காரணம்

"ஏண்டி, உன் வீட்டுக்காரர் மீசையை எடுத்துட்டாராமே?"

உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை, அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

"ஆமாக்கா. காலையிலதான் எடுத்தார். குளிச்சிட்டிருக்கார்."

"இருபது வருஷ மீசை! போன மாசம் நாலு புதுச் சட்டை. அப்புறம் புது சோப்பு. இப்ப இது. லிப்ட் மெக்கானிக்குக்கு இந்த வயசுல யாருக்காகடி இவ்வளவு அலங்காரம்?"

தங்கையின் கை தானாகக் கழுத்தைத் தடவியது.

ஏழு மாதமாகக் கழுத்திலும் கையிலும் அரிப்போடு சிவப்புத் தடிப்புகள். சாயங்காலம் வரும், விடிந்தால் போய்விடும். டாக்டரே கையை விரித்துவிட்டார்.

"ரொம்ப அபூர்வம்மா. காரணம் தெரியலை. உயிருக்கு ஒண்ணுமில்லை. சந்தேகமா இருக்கறதை ஒவ்வொண்ணா நிறுத்திப் பாருங்க."

பார்த்தாயிற்று. பவுடர், எண்ணெய், முட்டை, ஆசையாக வளர்த்த பூனை எல்லாம் போயிற்று. தடிப்பு மட்டும் ஜம்மென்று குடியிருந்தது.

"எனக்கே கண்ணாடி பார்க்கப் பிடிக்கலைக்கா. அவருக்கு மட்டும் என்னைப் பிடிக்குமா?" அழுதே விட்டாள்.

"அழுது என்னடி ஆகப் போகுது? அவரோட பையைத் திறந்து பாரு!"

நாற்காலியில் கிடந்த பையில் ஸ்பேனர், டார்ச், சர்வீஸ் நோட்டு. அந்த நோட்டைத்தான் அவர் உயிராக நினைப்பார். 'ஒவ்வொரு பாகமா கழட்டி வெச்சுப் பார்த்தாதான் கோளாறு எங்கேன்னு பிடிபடும்' என்று பெருமையடித்துக்கொள்வார்.

பக்கத்துக்கு ஒரு கட்டடத்தின் பெயர். கடைசிப் பக்கத்தின் தலைப்பில் மட்டும் 'வீடு' என்றிருந்தது.

'என் பழைய சட்டைகள் – இரண்டு வாரம் நிறுத்தம். தடிப்பு குறையவில்லை.'

'என் சோப்பு – இரண்டு வாரம் நிறுத்தம். குறையவில்லை.'

'மீசை, மீசைக்குப் போடும் சாயம் – இன்று முதல்.'

அதன் கீழே, எழுதி அடித்து மறுபடி எழுதிய ஒரு வரி:

'அதிலும் குறையாவிட்டால் – நான். இரண்டு வாரம் தம்பி வீட்டில்.'

தோளுக்கு மேல் எட்டிப் படித்த அக்கா அப்போதுதான் உட்கார்ந்தாள்.

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர், நோட்டைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தார். மீசையில்லாத அந்த முகம் அவளுக்குச் சின்னப் பையன் முகம்போல இருந்தது. பேனாவை எடுத்து அந்தக் கடைசி வரியை அழுத்தி அடித்தாள்.

"அரிச்சா அரிச்சுட்டுப் போகட்டும்ங்க. இந்தப் பாகத்தை மட்டும் கழட்ட விடமாட்டேன்."