ஒரு சொட்டுகூட

“ஒருத்தன் கம்ப்யூட்டருக்குத் தண்ணி காட்டுறான், ஒருத்தி…” என்று அப்பா அடிக்கடி ஒன்று சொல்வார்.

முதல் பாதி தன்னைப் பற்றியது என்பதால் அவனுக்கு நினைவிருந்தது. அக்காவைப் பற்றிய மறுபாதி எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர்தான் இப்போது அக்கா வீட்டுப் பரணிலிருந்து இறங்கி, கூடத்து மேசைமேல் தூசியோடு உட்கார்ந்திருந்தது.

“இதை மட்டும் கேட்காதடா. வேற எது வேணும்னாலும் எடுத்துக்கோ” என்றாள் அக்கா. வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“வேற எதை வச்சு நான் என்ன பண்ண? இத்தனை வருஷம் வெளிநாட்டுல இருந்துட்டு, இப்பதான் சொந்தமா கம்பெனி தொடங்குறேன். அதுவும் கம்ப்யூட்டரைக் குளிர வைக்கிற கம்பெனி. நாளைக்குத் திறப்பு விழா. வர்றவங்க முன்னாடி என் முதல் மெஷின் ஓட வேணாமா?”

“ஓட வேற விடப்போறியா? தண்ணி ஊத்தியா?”

“பின்னே, பால் ஊத்தியா?”

அக்கா சிரிக்கவில்லை. “சும்மா பார்வைக்கு வச்சுக்கோ. தண்ணி வேண்டாம்.”

அவனுக்குச் சுருக்கென்றது. எந்த நாட்டில் வேலை பார்த்தாலும், புதிதாகச் சேருகிறவர்களிடம் அவன் இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. கல்லூரிக் காலம். பிராசஸர் கொதித்துப்போய், பாதி வேலையில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். அந்தப் பிராசஸரின் தலையில் செம்புத் தகடு, தகட்டின்மேல் ஈயத்தால் பற்றவைத்த செம்புக் குழாய், உடைத்த காரிலிருந்து வாங்கி வந்த சின்ன ரேடியேட்டர், மீன் தொட்டி மோட்டார், தண்ணீருக்கு மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. எல்லாம் சொந்தக் கை வேலை. ‘ஒரு சொட்டுகூட ஒழுகியதில்லை’ என்றுதான் கதை முடியும். மெஷினுக்குக் கீழே வைக்கும் பலகையிலும் அதையே எழுதக் கொடுத்திருந்தான்.

“மோட்டார் உன் மீன் தொட்டியோடதுன்னு இன்னும் மனசுல வச்சிருக்கியா?”

“வச்சிருக்காம? என் மீனுங்களைப் பக்கத்து வீட்டுக்குத் தத்துக் கொடுத்தவ நான்!”

“அப்போ மோட்டாரைக் கழட்டி வச்சுக்கோ. நான் வேற போட்டுக்கிறேன்.”

“மோட்டார் யாருக்குடா வேணும்?”

உள்ளறையிலிருந்து அத்தான் குரல் கொடுத்தார். “நான் வீட்ல இல்லைன்னு வச்சுக்கோங்க.”

அந்தக் காலத்திலும் இப்படித்தான். அவன் கல்லூரியிலிருந்து வரும்போது, அக்கா அவன் அறையில் மெஷினுக்குப் பின்னால் குனிந்து நிற்பாள். “என் பொருள்ல கை வைக்காதேன்னா கேட்க மாட்டியா? கை அரிக்குதா உனக்கு?” என்று கத்துவான். “தூசி தட்டினேன்” என்பாள். ஒருமுறை சண்டை முற்றி, ஒரே வீட்டில் இருவரும் முகம் திருப்பிக்கொண்டு திரிந்தார்கள்.

ஆனாலும் அந்த அறையை நினைத்தால் அவனுக்கு இனிக்கத்தான் செய்தது. உருகிய ஈயத்தின் வாசனை. முணுமுணுத்துக்கொண்டே இருக்கும் மோட்டார். குழாய்க்குள் ஓடும் காற்றுக் குமிழிகள். கதவருகே அப்பாவின் மிரட்டல்: “கரண்டுக்குள்ள தண்ணி! ஒரு சொட்டு வெளிய வரட்டும், அன்னிக்கே மொத்தத்தையும் தூக்கி எறிஞ்சிடுவேன்.”

வரவேயில்லை.

“உனக்கு அப்பவே இதுமேல பொறாமை. இப்பவும் போகலை” என்றான்.

அக்கா வாசலை விட்டு விலகினாள். பிறகு தாழ்ந்த குரலில், “எடுத்துட்டுப் போ. ஆனா நாளைக்கு நாலு பேர் முன்னாடி ஊத்துறதுக்கு முன்னாடி, தனியா இருக்கும்போது ஒரு தடவை ஊத்திப் பார்த்துடு” என்றாள்.

“தனியா என்ன, இங்கேயே பார்த்துடறேன்.”

“வேண்டாம்டா…”

அவன் அதற்குள் சமையலறையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து டப்பாவில் ஊற்றிவிட்டான். தண்ணீர் குழாய் வழியே இறங்கிச் செம்புத் தகட்டைத் தொட்டது. குழாயும் தகடும் சேரும் இடத்துக்கு அடியில் ஒரு சொட்டு முளைத்தது. விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

அவன் அந்த இடத்தை விரலால் தடவினான். செதில் ஒன்று உரிந்து கையோடு வந்தது. ஈயம் இல்லை. மேலே செம்பு நிறம், திருப்பினால் ரோஜா நிறம். அடுக்கடுக்காகப் பூசியது.

“அக்கா… இது நெயில் பாலிஷ்.”

“முதல்ல மெழுகு வச்சேன். சூட்டுல உருகிடுச்சு. அப்புறம்தான் இது. இதுவும் கொஞ்ச நாள்ல உரியும். நீ காலேஜ் போனதும் துடைச்சிட்டுத் திரும்பப் பூசுவேன். உன் கண்ணுல படக்கூடாதுன்னு கடைசியில செம்புக் கலரா தேடி வாங்கினேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா நீ உடனே கழட்டுவ. கழட்டினா அப்பா பார்ப்பார். அவர் சொன்னா செய்யறவர்.” மேசையில் பரவிய தண்ணீரை முந்தானையால் ஒற்றினாள். “மீன் இல்லாம நான் இருந்துட்டேன். இது இல்லாம நீ இருந்திருப்பியாடா?”

அப்பா சொன்னதன் மறுபாதி அவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“…ஒருத்தி குப்பி குப்பியா நெயில் பாலிஷ் வாங்குறா, விரல்ல ஒண்ணையும் காணோம்!”

அவன் போனை எடுத்துப் பலகை எழுதுபவரைக் கூப்பிட்டான். அந்த வரியை அழித்துவிட்டு, ‘ஒழுகியது. அக்கா அடைத்தாள்’ என்று எழுதச் சொன்னான்.