எஞ்சின் சத்தம்

கெர்கினி ஏரிச் சரணாலயத்தில் படகோட்டி பாஸ்காலிஸ் மீன் வாளியைத் தட்டினான். ஒரு கூழைக்கடாகூட நெருங்கவில்லை.

"கையாலேயே ஊட்டலாம்னு சொன்னீங்களே?" என்றாள் கேமராவோடு வந்திருந்த பெண்.

"வருஷா வருஷம் குளிர்காலத்துல நான்தாம்மா மீன் போடுறேன். என் எஞ்சின் சத்தம் கேட்டாலே கல்யாணப் பந்திக்கு வர்ற மாதிரி முண்டியடிச்சுக்கிட்டு வரும்."

அவன் மீனை வீசினான். பறவைகள் மிரண்டு அக்கரைக்குப் பறந்தன.

"நன்றி கெட்ட ஜென்மங்க!"

கரையில் மச்சினன் லாம்ப்ரோஸ் காத்திருந்தான். வலையெடுக்க வேண்டும் என்று நேற்றுப் படகை இரவல் வாங்கிப் போனவன்.

"என் மீனையெல்லாம் தின்னு தீர்த்த சனியனுங்களைத் தேடி அலையவே வேண்டாம் போல, அத்தான்! உங்க எஞ்சின் சத்தம் கேட்டதும் அதுங்களே வாயைப் பொளந்துக்கிட்டு வந்துச்சு. ஒரு தோட்டாகூட வீணாகல."